புத்தளக் கரையின் காது

1344 இல் மாலைதீவிலிருந்து, மஃபர் எனப்பட்ட தமிழகக் கீழைக் கரைக்குப் புறப்பட்ட அரபுப் பயணி இப்னு பதூதாவின் கப்பல் திசை தவறி இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. அவர் இறங்கிய ஊரை அவருடைய பயண நூல் ‘பத்தாலா’ என்று குறிக்கிறது. கரையெங்கும் கறுவாக் கட்டைகள் ஒதுங்கிக் கிடந்ததாக அவர் சொல்லும் அந்த ஊர் புத்தளம்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அங்கே அவரை வரவேற்ற மன்னனின் பெயர் ‘அய்ரீ ஷகர்வதீ’, அதாவது நம் ஆரியச் சக்கரவர்த்தி. மன்னனுக்குப் பாரசீகம் விளங்கியதால் பேச்சு எளிதாயிற்று. அங்கிருந்து போகும் வழியில் ‘பந்தர் ஸலாவாத்’ என்ற துறையையும் அவர் கடந்தார். அதைச் சிலாபமாகக் கொள்வோர் பலர்.

இந்த மூன்று பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அரபியில் புத்தளத்தின் முதல் பகரம் இல்லை. அம்பு, பம்பு என்ற சொற்களில் மெல்லினத்தின் பின் வரும் அதிர்கிற பகரம் மட்டுமே உண்டு. ஆகவே ஊர்ப் பெயர் அந்த அதிர்கிற பகரத்தோடு தொடங்குகிறது. சக்கரவர்த்தியின் சகரம் ஷகரமாகிறது. க்க, ர்த்தி ஆகிய அழுத்தங்கள் மெலிகின்றன. ஆனால் புத்தளத்தின் நடுவில் இருக்கும் ‘த்த’ அப்படியே நிற்கிறது. இந்தப் பெயர்களை இப்னு பதூதா கேட்டவுடனே எழுதி வைத்தவர் அல்லர். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, ஃபெஸ் நகரில் அமர்ந்து இப்னு ஜுஸைய் என்ற எழுத்தாளர் எழுத, நினைவிலிருந்து சொன்னவர். இடையில் சீனம் வரை போய்வந்ததாகச் சொல்லும் அந்தச் செவிக்குள் ஒரு தமிழூரின் இரட்டைத் தகரம் கலையாமல் இருந்திருக்கிறது. இதைப் பிழையான உச்சரிப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காது எதைக் கேட்டது, எதை விட்டது என்பதற்கு இது பத்திரம் போன்ற சாட்சி.

வேற்று மொழி ஒலி காதில் விழும்போது நடப்பதை ரஷ்ய மொழியியலாளர் துருபெத்ஸ்கோய் சல்லடைக்கு ஒப்பிட்டார். அவர் இறந்த மறு ஆண்டு, 1939 இல் வெளிவந்த நூலில் அந்த ஒப்புமை இருக்கிறது. ஒவ்வொரு மொழியும் தன் பிள்ளைகளின் காதில் ஒரு சல்லடையைக் கட்டிவிடுகிறது. பிற மொழி அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்தச் சல்லடை எவ்வளவு சீக்கிரம் கட்டப்படுகிறது என்பதை ஜனெட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984 இல் காட்டினார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் தகரத்தையும் டகரத்தையும் மாற்றி மாற்றிக் கேட்பித்தார்கள். ஆறு, எட்டு மாதப் பிள்ளை வேறுபாட்டை உணர்ந்து தலையைத் திருப்பியது. பத்து, பன்னிரண்டு மாதப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. பத்தும் பட்டும் ஒன்றாகக் கேட்கும் காதை நம்மால் கற்பனை செய்வதே கடினம். முதல் பிறந்தநாள் வருமுன் அப்படி ஒரு காது உருவாகிவிடுகிறது.

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், புத்தளம் என்று வடக்கே போய்க் களப்பைச் சுற்றிக் கற்பிட்டி முனை வரை போகிறவர், பல சல்லடைகள் அருகருகே தொங்கும் கரையில் நடக்கிறார். சிங்களம் பேசும் கத்தோலிக்க மீனவர், உடப்பின் தமிழ் இந்துக்கள், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள், சிரம்பையடியில் ஆபிரிக்க வழிவந்த மக்கள் எல்லோரும் இந்தக் கரைக்காரர்களே. சைமன் காசிச்செட்டி 1807 இல் கற்பிட்டியில் பிறந்தார். 1834 இல் ஆங்கிலத்தில் இலங்கை கசற்றியரையும், 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளூடாக்’ நூலையும் தந்த பன்மொழி அறிஞர் அவர். ஒல்லாந்தர் தம் கோட்டை இருந்த கற்பிட்டியைக் ‘கல்பெண்டைன்’ என்றார்கள், ஊரில் இல்லாத ஒரு மெல்லினத்தைச் சேர்த்து. தமிழர் கற்பிட்டி என்கிறார்கள், சிங்களவர் கல்பிட்டிய என்கிறார்கள். புத்தளம் சிங்களத்தில் புத்தளம என்றும், உடப்பு உடப்புவ என்றும் ஓர் அகரத்தால் முடிகின்றன. நுரைச்சோலை சிங்கள வாயில் நொரொச்சோலே ஆகிறது. முதலில் இருந்த உகரமும் ஐகாரமும் இரண்டு ஒகரங்களாக ஒத்துப்போக, கடைசி ஐகாரம் ஏகாரமாகி நீள்கிறது. அங்குள்ள அனல் மின் நிலையத்துக்கு ஊர்ப்பெயரே வழங்குவதால் நாடே இந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் சொல்கிறது. இரண்டுமே காதுக்கு இனியவை.

தமிழ்ப் பிள்ளை சிங்களம் பழகும்போது முதலில் இடறுவது மிகச் சிறிய ஓர் இடத்தில். பம்பரம் என்று சொல்லி, தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள். முதல் பகரத்தில் தொண்டை அமைதியாக இருக்கும், இரண்டாவது பகரத்தில் அதிரும். இரண்டு ஒலியும் நம் வாயில் பிறந்ததிலிருந்து இருக்கின்றன. ஒலி நிற்கும் இடமே அதன் அதிர்வைத் தீர்மானித்துவிடுவதால் நம் எழுத்து இரண்டையும் பிரிக்கவில்லை, நம் காதும் கணக்கெடுக்கவில்லை. சிங்களத்தில் அந்த அதிர்வால் பொருளே மாறும். அதிராத ககரத்தோடு ‘கல்’ என்றால் காலம், அதிரும் ககரத்தோடு சொன்னால் கற்கள். தமிழன் அங்கே புதிய ஒலி எதையும் கற்க வேண்டியதில்லை. தன்னிடம் உள்ளதைத் தானே கேட்கக் கற்க வேண்டும். கடினமும் அதில்தான் இருக்கிறது. லிஸ்கரும் ஆப்ராம்சனும் 1964 இல் பதினொரு மொழிகளில் இந்த அதிர்வு தொடங்கும் நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடிக் கணக்கில் அளந்தார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் உண்டு. நம் உதட்டில் இவ்வளவு நுண்ணிய காலக்கணக்கு ஓடிக்கொண்டிருப்பதை அறிந்தபின் பம்பரம் என்ற சொல்லே எனக்குப் புதிதாயிற்று.

உயிரொலிக்கு வருவோம். சிங்களத்தில் ‘ரா’ என்றால் கள். அதே ராவை, வாயை இன்னும் அகட்டி, நாக்கை முன்னே தள்ளி, ஆகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவே நிறுத்திச் சொன்னால் இரவு. ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லின் உயிர் இதுவே, நீண்டு ஒலிப்பது. தென்னை மரங்கள் சூழ்ந்த வென்னப்புவ, மாரவில பக்கத்தில் இந்த இரண்டு சொல்லும் அன்றாடம் புழங்கும். தமிழ்க் காது நடுவில் நிற்கும் அந்த உயிரை ஒருநாள் ஆகாரத்தில் தள்ளும், மறுநாள் ஏகாரத்தில் தள்ளும். இரண்டுக்கும் நடுவே தனி இடம் உண்டு என்று ஒப்புக்கொண்ட நாளில்தான் அது சரியாகக் கேட்கத் தொடங்கும்.

எனக்கு மிகப் பிடித்தது சிங்களத்தின் அரை மெல்லொலி. ‘கந்த’ என்று நாம் சொல்வதுபோல் நகரத்தில் நின்று, அசையை மூடி, பிறகு தகரத்தைத் திறந்தால் மலை. நகரத்தை மூக்கில் தொட்டும் தொடாமலும் தகரத்தோடு சேர்த்தே விட்டால் அடிமரம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மூக்கில் காற்று தங்கும் நேரம் மட்டுமே. நல்லது என்பதற்கு நாடு முழுவதும் தமிழர் சொல்லும் ‘ஹொந்தாய்’ என்ற சொல்லில் இருப்பதும் அந்த அரை நகரம்தான். நாம் அதை முழு நகரமாக்கிச் சொல்கிறோம், சிங்களவர் புரிந்துகொள்கிறார்கள். கரைவலையில் சிங்களக் கூட்டாளிகளோடு சிறு வயதிலிருந்தே கயிறு பிடித்தவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது மூக்கொலி ஒரு கணம் தோன்றி உடனே மறையும். பாடம் நடத்தி அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மறுபக்கமும் அழகுதான். சிங்கள எழுத்தில் லகரமும் ளகரமும் தனித்தனி, நகரமும் ணகரமும் தனித்தனி. இன்றைய சிங்களப் பேச்சில் அவை கலந்துவிட்டன. தமிழ் பழகும் சிங்களவருக்குப் பள்ளியும் பல்லியும் ஒன்றாகவே வரும். அவர் கண் பிரித்தறிவதை அவர் நாக்கு பிரிக்கவில்லை. நம் வாய் பிரிக்கும் இரண்டு பகரத்தை நம் கண் பிரிக்கவில்லை. ஒரே கரையில் ஒருவருக்கு எழுத்தில் மிஞ்சியது மற்றவருக்கு வாயில் மிஞ்சியிருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் மிகப் பலர் புத்தளத்தில் குடியேறினார்கள். பொருள்களை விட்டுவிட்டு வந்த அவர்கள் விட முடியாமல் கொண்டுவந்தது தம் பேச்சு. யாழ்ப்பாணத்துக் ‘காற்று’, ‘சோற்று’ என்ற சொற்களில் உள்ள ற்ற, பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் நாக்கு நுனி ஒட்டி விடும் ஒலி. அது பல்லைத் தொடும் தகரமும் அன்று, மேலண்ணத்தில் நாக்கு வளையும் டகரமும் அன்று. ஆங்கிலேயர் தம் ‘டீ’யைச் சொல்லும்போது நாக்கு தொடுவதும் ஏறத்தாழ அதே மேட்டைத்தான். அதனால் பெட்ரோல் இங்கே பெற்றோல் ஆயிற்று, டிக்கட் ரிக்கற் ஆயிற்று, கனடாவின் பெருநகரம் ரொறன்ரோ ஆயிற்று. தமிழகத்து வாசகர் அந்த எழுத்தைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. ஆனால் தமிழகத்துப் பேச்சில் மேட்டில் பிறக்கும் இந்த இரட்டை றகரம் பெரும்பாலும் தேய்ந்துவிட்டதால் அங்கே டகரம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஈழத்தவர் தம்மிடம் மிஞ்சியிருந்த பழைய ஒலியை ஆங்கிலத்துக்குக் கொடுத்தார்கள். ரொறன்ரோ என்ற எழுத்துக்கூட்டல் கூர்மையாகக் கேட்ட ஒரு காதின் வேலை என்பது என் முடிவு.

சிரம்பையடி மக்களைச் சொல்லாமல் இந்தக் கரையைக் கடக்க முடியாது. போர்த்துக்கேயரும் பின்வந்தவர்களும் படைக்கும் உழைப்புக்கும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டுமொழி இன்று பெரும்பாலும் சிங்களம். ஆனால் ‘மஞ்ஞா’ என்ற பாட்டைப் பாடும்போது போர்த்துக்கேயக் கிரியோல் மொழி திரும்பிவிடுகிறது. சிரட்டையும் போத்தலும் தாளமாக ஒலிக்க, ஒரே வரி மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்துச் சுழலும். அந்த மொழியைப் பேசாத இளையோரும் அதே சொற்களை அதே ஒலிகளோடு பாடுகிறார்கள். பொருள் மங்கிய பின்னும் ஒலி நிலைக்கிறது. தாளம் பிடித்து வைத்த ஒலியை மறதி எளிதில் கரைப்பதில்லை.

இனி, இந்தக் கரையிலேயே மிக நுட்பமான ஒலிப்பாடம் நடக்கும் இடம். அது குர்ஆன் மத்ரஸா. தமிழன்றி வேறு மொழி அறியாத ஐந்து வயதுப் பிள்ளை, உஸ்தாதின் எதிரே அமர்ந்து அவர் வாயைப் பார்க்கிறது. தொண்டையில் மட்டும் மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து. ஐன் நடுத்தொண்டையில் நெருங்கிப் பிறக்கும், காஃப் அடிநாக்கில் பிறக்கும். அந்தக் காஃபைச் சற்று முன்னே தள்ளிவிட்டால் உள்ளத்தைக் குறிக்கும் ‘கல்பு’ நாயாகிவிடும் என்று சொல்லி உஸ்தாது மீண்டும் ஓதச் சொல்வார். தமிழ் எழுத்துக்கு அந்த இரண்டு கல்பும் ஒன்றுதான். பிள்ளையின் தொண்டைக்கு அவை இரண்டாக வேண்டும். எழுத்தின் பிறப்பிடம் தெரியவில்லையா, அதை ஒற்றாக்கி முன்னே ஓர் உயிரைச் சேர்த்துச் சொல்லிப் பார். நாக்கு எங்கே போய் நிற்கிறதோ அதுவே இடம். இது தஜ்வீத் என்ற ஓதல் இலக்கண மரபின் பழைய உத்தி. தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்தவருக்கு இந்தப் பாடம் அந்நியமாகத் தோன்றாது. உந்தியில் எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் எழுத்தாவதை அங்கே காண்கிறோம்.

அரபியின் மிகக் கடினமான எழுத்து ‘ளாத்’. அரபியே அந்த எழுத்தின் மொழி என்று பெயர் பெற்றது. இன்று கெய்ரோ முதல் மக்கா வரை ஓதும்போது அது கனத்த ஒரு தகரம்போல், தொண்டை இறுகி, அதிர்ந்து ஒலிக்கிறது. ஆனால் புத்தளத்திலும் கற்பிட்டியிலும், இலங்கை, தமிழக முஸ்லிம்களிடையே பரவலாகவும், அந்த எழுத்து வரும் சொற்களைக் கேளுங்கள். கடமை பர்ளு, தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது வுளு, தவறியதை நிறைவேற்றுவது களா, நோன்பு மாதம் ரமழான். நபித்தோழர் பெயருக்குப் பின் அடைப்புக்குள் வருவது ‘ரழி’. எங்கும் ளகரம் அல்லது ழகரம். இதே சொற்கள் பாரசீகம் வழியாகப் போன வட இந்தியாவில் ஃபர்ஸ், ரம்ஸான், காஜி என்று சீறும் ஒலியோடு வழங்குகின்றன.

தமிழ் நாக்குக்கு அரபி வராததால் ஏற்பட்ட திரிபு இது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல விடாமல் தடுக்கிறார் 8 ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசான் சீபவைஹி. ளாத் பிறக்கும் இடமாக அவர் சொல்வது நாவின் ஓரமும் அதையடுத்த கடைவாய்ப் பற்களும். நாக்கின் பக்கவாட்டில் காற்று போகும் ஒலி அது. லகரம், ளகரத்தின் உறவு. தொல்காப்பியமும் லகர ளகரங்களைச் சொல்லும்போது நாவின் ஓரம் தடிப்பதைத்தான் குறிக்கிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு இலக்கணங்கள் நாக்கின் அதே விளிம்பில் விரல் வைக்கின்றன. இதை முதலில் உணர்ந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் தீரவில்லை.

மற்ற சாட்சிகளும் உண்டு. நீதிபதியைக் குறிக்கும் அரபி ‘அல்-காளி’ ஸ்பானிய மொழியில் ‘அல்கால்தே’ ஆகி நகர முதல்வரைக் குறிக்கிறது. ஆபிரிக்காவின் ஹௌசா மொழியில் அது ‘அல்காலி’. மலாய் மொழியில் பர்ளு ‘பெர்லு’ ஆகி, வேண்டும் என்ற அன்றாடச் சொல்லாகிவிட்டது. ஒன்றுக்கொன்று தொலைவான இத்தனை கரைகளில் லகரம் தோன்றுகிறது என்றால், அன்று வந்த அரபியரின் வாயிலேயே அது இருந்திருக்க வேண்டும். தென்மேற்கு அரேபியாவின் சில மலைப்பகுதிப் பேச்சில் அந்தப் பக்கவொலி இன்றும் பதிவாகியிருக்கிறது. தமிழுக்கு இதில் இன்னொரு வசதியும் இருந்தது. லகரம், ளகரம், ழகரம் என்று மூன்றை வைத்திருக்கும் மொழி, வந்த ஒலியின் கனத்தையும் கவனித்து, மெல்லிய லகரத்தை விட்டு நாக்கு வளையும் ளகர ழகரத்தை அதற்குக் கொடுத்தது. அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அரபுத்தமிழ் மரபும், ளகர ழகரத்தை எழுத அந்த ளாத் எழுத்தையும் அதன் கீழே புள்ளி இட்ட வடிவத்தையுமே நாடியது. ஒலியும் எழுத்தும் இரு திசையிலும் ஒத்துப்போகின்றன.

எல்லாம் இவ்வளவு நேராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நண்பகல் தொழுகையான ளுஹரில் வருவது ளாத் அன்று, அதற்கு நெருங்கிய வேறோர் எழுத்து. அரபு வட்டாரப் பேச்சுகளில் அந்த இரண்டும் ஒன்றாகிப்போன நீண்ட வரலாறு உண்டு. ளுஹர் அதன் தடயமாக இருக்கலாம். அப்படியானால் வந்தவர்களின் வட்டார வழக்கைக்கூட நம் காது பதிந்து வைத்திருக்கிறது. ஐனுக்கு நம்மிடம் ஒலியே இல்லை. அதற்கு ஆய்தத்தைக் கொடுத்தார்கள்: ஷஃபான், மிஃராஜ், இஃதிகாப். நுஃமான் என்ற பெயரில் இருப்பதும் அதுவே. பழைய நூல்களுக்குள் ஒதுங்கியிருந்த மூன்று புள்ளிக்கு இதைவிடத் தகுந்த பணி எங்கே கிடைக்கும்?

காது எப்படித் திறக்கிறது என்பதற்கு இந்தக் கரை அறிந்த விடையை ஆய்வுக்கூடங்கள் பிற்காலத்தில் உறுதி செய்தன. லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் 1991 இல், ரகர லகரம் பிரியாத ஜப்பானியர்களுக்குப் பலருடைய குரலில், பல சொற்களில் அந்த ஒலிகளைக் கேட்பித்துப் பழக்கினார்கள், காது திறந்தது. பேச்சுப் பயிற்சி தராமல் கேட்கும் பயிற்சி மட்டும் தந்தாலும் உச்சரிப்புத் திருந்துகிறது என்று பிராட்லோவும் குழுவினரும் 1997 இல் காட்டினார்கள். பட்ரீசியா கூல் 2003 இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி பேசுபவர் முன்னால் அமரவைத்தார். அவை ஒலிகளைக் கற்றன. அதே பேச்சைத் தொலைக்காட்சியில் காட்டியபோது கற்கவில்லை. கரைவலைக் கூட்டத்தில் குரல்கள் பல. மத்ரஸாவில் எதிரே ஒரு முகம். இரண்டும் பிள்ளைக்கு வேண்டும்.

மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரியின் முழுக் குர்ஆன் ஓதல் 1961 இல் ஒலிப்பதிவாக வந்தபின் ஓதலின் ஒலி உலகெங்கும் ஒன்றுபட்டு வருகிறது. இளைய தலைமுறை ளாத்தை எகிப்திய முறையில் கற்கிறது. ஓதலுக்கு அது முறையானதே, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வீட்டுப் பேச்சில் பர்ளு, வுளு, களா என்று சொல்லும் மூதாட்டியைத் திருத்த வேண்டாம். அவர் வாயில் இருப்பது இந்தக் கரைக்கு வந்த அரபியரின் பழைய ஒலி. கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. புத்தளம், கற்பிட்டி, சிலாபத்தில் பாட்டி, பாட்டனோடு இருப்பவர்கள் இந்தச் சொற்களை அவர்கள் குரலிலேயே பதிந்து, ஊரையும் ஆண்டையும் குறித்து, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறைக்கோ மொழியியல் துறைக்கோ கொடுத்துவிடுங்கள்.